2007 வீகோ டபுள் கப், 87 இலட்சம் சொல்லுறார். எடுத்தால் என்ன செலவு வரும்?

இணுவில் தோட்டக்காரன்:

வணக்கம். வாகனம் விளங்கின ஆக்கள் ஒருக்கா வாசிச்சுப் பதில் போடுங்கோ.

நான் யாழ்ப்பாணம் இணுவிலில வெங்காயமும் பீற்றூட்டும் செய்யிறன். இவ்வளவு காலமும் லான்ட்மாஸ்ரர் (ரெண்டு சில்லு உழவு மெசின்) பெட்டியில ஏத்தித்தான் மருதனார்மடத்துக்கும் சுன்னாகத்துக்கும் கொண்டு போறது. அறுவடை நேரம் இஞ்ச விலை விழுந்து கிடக்க, தம்புள்ளையில அதே வெங்காயம் நல்ல விலை போகுது. லொறிக்காரருக்குக் குடுக்கிற கூலியை நினைச்சால் வயிறு எரியுது. மச்சானும் நானும் சேர்ந்து ஒரு பிக்கப் எடுப்பம் எண்டு நிக்கிறம்.

பார்த்து வைச்சது வடமராட்சிப் பக்கம் ஒரு ரொயோட்டா ஹைலக்ஸ் வீகோ. 2007, டபுள் கப், 2.5 டி போ டி டீசல் எஞ்சின், மனுவல் கியர், போர் வீல். மீற்றரில 240,000 கிலோமீற்றர் கிடக்கு. முதல்ல என்ஜிஓ ஒண்டில ஓடினதாம். பிறகு கைமாறி, இப்ப வைச்சிருக்கிறவர் மீன் வியாபாரி. பின்பெட்டியில ஐஸ் பெட்டி வைச்சு ஏத்தினவர்.

நான் கண்டது: காலமை முதல் ஸ்ராட்டில "டக் டக்" எண்டு ஒரு அடி, சூடானாப் பிறகு குறையுது. வெள்ளைப் புகை கொஞ்சம். குனிஞ்சு பார்த்தால் சசி (வாகனத்தைத் தாங்கிற அடிச்சட்டம்) முழுக்கப் புதுக் கறுப்புப் பெயின்ற். உள்ளுக்க ஏசி, சீற் எல்லாம் வடிவா இருக்கு. "ரொயோட்டாவுக்குச் சாவில்லைத் தம்பி, ஓயிலை மட்டும் மாத்தினாக் காணும்" எண்டு ஆள் சொல்லுறார்.

கிளிநொச்சியில ஒரு மிற்சுபிசி எல் 200, 2003, 58 இலட்சத்துக்குக் கிடக்கு. அதையும் யோசிக்கிறம். எது உருப்படி? எடுத்த கையோட எவ்வளவு கொட்ட வேண்டி வரும்? வாகன விலை போக எங்களிட்ட ஒரு ஆறு இலட்சம்தான் மிஞ்சும்.


பட்டாக்காரன்:

உந்தக் காசுக்கு நாலு டிமோ பட்டா (சின்ன லொறி) எடுக்கலாம் தம்பி. ஒண்டை நீங்கள் ஓடி மற்றதுகளை வாடகைக்கு விடுங்கோ. 2007 ஆம் ஆண்டுப் பழசுக்கு 87 இலட்சம் கேக்கிற நாடு இது ஒண்டுதான் இருக்கும். 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை மறிச்சதோட ஏறின விலை, 2025 பெப்ரவரியில திறந்துவிட்டும் இறங்கேல்லை.


கொக்குவில் பம்ப் றூம்:

பட்டாவில வெங்காயம் ஏத்தித் தம்புள்ளைக்குப் போய்வாறவன் அடுத்த நாள் முதுகு நோவுக்கு ஒட்டகப்புலத்து முறிவு வைத்தியரிட்ட எண்ணெய் பூசிக்கொண்டுதான் கிடப்பான். உள்ளூர் ஓட்டத்துக்கு அது நல்ல சாமான், இவர் கேக்கிற வேலைக்கு இல்லை.

தம்பி, நான் டீசல் பம்பும் இன்ஜெக்ரரும் (சிலிண்டருக்குள்ள டீசல் விசிறிற சாமான்) செய்யிறவன். கைப்பம்ப் (கொம்பியூட்டர் இல்லாத பழைய டீசல் பம்ப்) காலத்தில தொழில் பழகி, இப்ப கொம்பியூட்டரால ஓடுற கொமன் ரெயில்தான் கூட வருது, வீகோவும் அதுதான். உம்மட கேள்விக்குக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேணும்.

அந்த "டக் டக்" சத்தத்துக்குப் பயந்து ஓடவும் வேண்டாம், அதைக் காட்டி அவர் ரெண்டு இலட்சம் குறைச்சவுடன சந்தோஷப்படவும் வேண்டாம். அது அநேகமா இன்ஜெக்ரரின்ர நுனி, நொசில். காசு போற வேலை, ஆனால் காலத்தோட திருத்தினால் எஞ்சினைக் கொல்லாது. வீகோவில ஆளை விழுத்திறது சத்தமே போடாத ஒரு செப்பு வாசர்.

உந்த எஞ்சின் ரூ கே டி (2கேடி), 2494 சிசி. நாலு இன்ஜெக்ரரும் ஹெட்டுக்குள்ள இறங்கி நிக்கிற இடத்தில, அடியில ஒவ்வொரு வாசர் இருக்கும். சிலிண்டருக்குள்ள எரியிற காஸ் மேல வராமல் மறிக்கிறது அதுதான். நாள்பட்டால் அது கசியத் தொடங்கும். இல்லாட்டி ஆரும் இன்ஜெக்ரரைக் கழட்டிப் போட்டு, பழைய வாசரையே துடைச்சுத் திருப்பிப் போட்டிருந்தாலும் கசியும். கசியிற காஸ் வெளியில வந்தால் பரவாயில்லை, மணத்திலயாவது பிடிக்கலாம். இது ரொக்கர் கவருக்குள்ள போய் ஓயிலோட கலந்து அதைத் தார் மாதிரித் தடிக்கப் பண்ணும். அந்தக் கரி எஞ்சினுக்கு அடியில ஓயில் நிக்கிற சம்புக்கு இறங்கி, ஓயில் உறிஞ்சிற குழாயின்ர வலையில படியும். வலை அடைச்சால் பம்புக்கு ஓயில் ஏறாது. டிப் ஸ்ரிக்கை இழுத்துப் பார்த்தால் மட்டம் சரியா நிக்கும். அதுதான் இதில உள்ள பேய்த்தனம். ஒரு நாள் ஏ9 இல மாங்குளம் கழிய, பாரத்தோட போகேக்க ஓயில் விளக்குப் பத்தும். நீர் ஓரங்கட்ட முதல் பெயாரிங் போயிடும்.

போன மாரிக்குள்ள ஒண்டைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தவை. சம்பைக் கழட்டி அந்த வலையை வெளியில எடுத்தம். பெரிய விரலால சுரண்டினால் கறுப்புத் தகடாக் கழண்டு வருது. விரலுக்கிடையில வைச்சு நசிச்சால் நறநறக்குது. வலையில ஒரு ஊசி போக இடமில்லை. கிராங்கில ரெண்டு இடம் நீலம் பாரிச்சுப் போயிருந்தது. அந்த மனிசன் ஓயிலைச் சொன்ன கிலோமீற்றருக்கு மாத்தினவர்தான், பில் எல்லாம் கொண்டுவந்து காட்டினவர். வாசரை ஆரும் பார்க்கச் சொல்லேல்லை, பார்க்கவும் இல்லை.

ஆனபடியால் அட்வான்ஸ் குடுக்க முதல் இதுகளைச் செய்யும். எஞ்சின் ஆறிக் கிடக்கேக்க போம். ஸ்ராட் பண்ணேக்க ஓயில் விளக்கு உடன நூருதோ (அணையுதோ), ரெண்டு மூண்டு செக்கன் பிந்தி நூருதோ எண்டு பாரும். பிந்தினால் சந்தேகம். பிறகு ஓடிக்கொண்டிருக்க ஓயில் மூடியைக் கழட்டும். கொஞ்ச ஆவி எல்லா டீசலிலயும் வரும். சிலிண்டர் அடிக்கிற தாளத்துக்கு "புஸ் புஸ்" எண்டு கையில காத்து அடிச்சால் வாசர் போட்டுது. மூடியின்ர உள்பக்கம் கட்டிக் கரி ஒட்டிக் கிடந்தாலும் அதே கதைதான். கடைசியா, ஓயிலை வடிச்சுப்போட்டு அந்த ஓட்டையால சின்னக் கமரா வயரை விட்டு வலையைப் பார்க்கலாம். என்னைக் கேட்டால் கீழ்ச் சம்பைக் கழட்டிக் கண்ணால பார்க்கிறது நல்லம். கூலி பத்தாயிரத்துக்குள்ள முடியும், ஓயில் காசு வேற.

விக்கிறவர் சம்ப் கழட்ட விடமாட்டன் எண்டு அடம்பிடிச்சால், அந்தப் பதிலிலயே எல்லாம் கிடக்கு. கும்பிட்டுப்போட்டு வாரும்.

இன்ஜெக்ரருக்கு: எஞ்சின் கொம்பியூட்டரை வாசிக்கிற ஸ்கானர் உள்ள ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போம். எஞ்சின் நல்லாச் சூடாகி ஐடிலில நிக்கேக்க, ஒவ்வொரு சிலிண்டருக்கும் எவ்வளவு டீசல் கூட்டிக் குறைக்குது எண்டு ஒரு கணக்குக் காட்டும். கூடக் குறைய 3 க்குள்ள நிண்டால் நல்லம். 5 ஐத் தொட்டால் அந்த இன்ஜெக்ரர் கழட்ட வேண்டிய சாமான். நாலையும் புது நொசில், வால்வு போட்டுத் திருத்த இப்ப ஒண்டுக்கு நாப்பதாயிரத்துக்கு மேல போகும். பெட்டி உடைக்காத புது டென்சோ எண்டால் அதைவிட இரட்டிப்புக்கு மேல. எது செய்தாலும் வாசர் நாலும் புதுசு, அதில மட்டும் சில்லறைக் கணக்குப் பார்க்காதையும். ரொயோட்டா வாசரே போடும். கடையில கிடக்கிற பேர் தெரியாத செப்பு வளையம் ஆறு மாசத்தில திரும்பவும் கசியும்.

ஐடில் ஏறி இறங்கினால், சும்மா நிக்கேக்க எஞ்சின் நிண்டால், ஸ்கானரில பி 1229 எண்ட எரர் வந்தால், அது பம்பில டீசலை அளந்து விடுற சக்சன் கொன்ரோல் வால்வு. முப்பதாயிரத்துக்குள்ள முடியிற வேலை. அதுக்குப் போய் "பம்ப் போட்டுது, மூண்டு இலட்சம்" எண்டு சொல்லுற ஆக்களும் இருக்கினம்.

இன்னொண்டு கேட்டுப் பாரும், உண்மை சொல்லுவாரோ தெரியாது: மண்ணெண்ணெய் கலந்து ஓடினதோ? 2022 ஆகஸ்டில மண்ணெண்ணெய் 87 ரூபாயில இருந்து 340 க்கு ஏறும் மட்டும் கனபேர் அரைவாசிக்கு அரைவாசி கலந்தவை. பழைய கைப்பம்ப் தாங்கும். சண்டைக் காலத் தடையில ஓமந்தைக்கு அங்கால இருந்து ஒண்டும் வராத நேரம் மொரிஸ் மைனரும் ஏ 40 உம் பெற்றோலை முகர்ந்து பார்த்து மண்ணெண்ணெயில ஓடின ஊர்தானே இது. கொமன் ரெயில் தாங்காது. பம்புக்கும் நொசிலுக்கும் டீசல்தான் எண்ணெய் போடுறது, மண்ணெண்ணெயில அந்த வழுவழுப்பு இல்லை. அதே வருசம் வரிசையில நிண்டு கானிலயும் பரலிலயும் சேர்த்த டீசலில தண்ணியும் கறளும் எவ்வளவு போனது எண்டு ஆருக்குத் தெரியும். பில்ரரைக் கழட்டி ஒரு வெள்ளைக் கோப்பையில கவிழ்த்துப் பார்த்தால் கொஞ்சம் பிடிபடும்.

சசிப் பெயின்ற் பற்றிப் பேந்து எழுதுறன். வேலைக்கு ஆள் வந்திட்டுது.


ஸ்காபரோ குளிர்:

அண்ணை சொல்லுற வாசர் கதை இஞ்ச வேற உருவத்தில நடக்குது. நான் கனடாவில பனி தள்ளுற வேலைக்கு ஃபோர்ட் எஃப் 250 பிக்கப் ஓடுறன். 2003 தொடக்கம் 2007 மட்டும் வந்த 6.0 லீற்றர் டீசல் எண்டால் இஞ்ச மெக்கானிக்குகள் முகத்தைச் சுழிப்பினம். ஓயில் கூலர் உள்ளுக்க அடைக்கும், அதால புகையைத் திருப்பி எஞ்சினுக்கு விட முதல் ஆற வைக்கிற ஈஜிஆர் கூலருக்குத் தண்ணி போறது குறையும், அது வெடிச்சுத் தண்ணி எஞ்சினுக்குள்ள போகும், பிறகு ஹெட் போல்ற் இழுபட்டுக் கஸ்கற் போகும். சில்லறைச் சாமானில தொடங்கி, கபினையே சசியில இருந்து தூக்கி வைச்சு வேலை செய்யிற அளவுக்கு வந்து நிக்கும். முழுக்கச் செய்விக்க ஏழெட்டாயிரம் டொலர் கேப்பினம். ஆனபடியால் அந்த எஞ்சின் வாகனம் எடுக்கிற எல்லாரும் முதல் பார்க்கிறது ஓயில் சூட்டுக்கும் தண்ணிச் சூட்டுக்கும் இடையில எவ்வளவு வித்தியாசம் எண்டு. 15 பாகை பரனைட்டுக்கு மேல போனால் கூலர் அடைக்குது எண்டு அர்த்தம்.

சசிக்கு ஒரு யோசனை. இஞ்ச றோட்டுக்கு உப்புப் போடுறவங்கள். அதால ஒவ்வொரு வருசமும் மாரி தொடங்க முதல் சசியின்ர உள்பக்கமெல்லாம் எண்ணெய் விசிறுவிப்பம். கறுப்புப் பெயின்ற் அடிச்ச வாகனத்தை இஞ்ச ஒருத்தரும் நம்பிறேல்லை. பெயின்ற்றுக்கு உள்ளுக்க கறள் நிம்மதியா வளரும்.


கிளிநொச்சி எல் 200:

என்னட்டக் கிடக்கிறது 2002 எல் 200. அதே 4டி56 எஞ்சின், 2477 சிசி. உங்கட 58 இலட்சம் எனக்குக் கூடத்தான் தெரியுது. ஆனால் வாகனம் மோசமில்லை. கைப்பம்ப், ஸ்கானர் தேவையில்லை, எந்தச் சந்தியிலயும் திருத்தலாம். சாமான் ஸ்ரான்லி வீதியில கிடைக்கும், இல்லாட்டிக் கொழும்பு பஞ்சிகாவத்தையில கட்டாயம் கிடைக்கும், அடுத்த நாள் பஸ்ஸில போட்டு விடுவாங்கள்.

ரெண்டு விசயம் மட்டும். உந்த எஞ்சினுக்கு ரெண்டு பெல்ற். பெரிசு வால்வை நேரத்துக்குத் திறக்க வைக்கிற ரைமிங் பெல்ற், உள்ளுக்க சின்னன் எஞ்சின் அதிர்வைக் குறைக்கிற பலன்சர் பெல்ற். கனபேர் பெரிசை மட்டும் மாத்துவினம். சின்னன் அறுந்து துண்டு பெரிசுக்குள்ள போனால் ரெண்டும் போய், வால்வும் வளையும். அடுத்தது சூடு. ஒருக்கா நல்லாக் கொதிச்சால் ஹெட்டில வால்வுக்கு நடுவில வெடிக்கும். என்ர வாகனத்தை முதல் வைச்சிருந்தவர் வருசக்கணக்கா றேடியேற்றருக்குக் கிணத்துத் தண்ணி ஊத்தினவர். எங்கட சுண்ணாம்புத் தண்ணி எப்பிடியெண்டு கேத்திலுக்குள்ள பார்த்தாத் தெரியும்தானே. றேடியேற்றரை வெட்டிப் பார்க்கேக்க குழாயில பாதி வெள்ளையா அடைச்சுக் கிடந்தது. ஹெட், கஸ்கற், றேடியேற்றர், கூலி எல்லாமாச் சேர்த்து மூண்டு இலட்சத்துக்குக் கிட்ட முடிஞ்சது. அதுக்குப் பிறகு கூலன்ற் மட்டும்தான், ஒரு சொட்டுக் கிணத்துத் தண்ணி விடுறேல்லை.

ஏத்தத்தில பாரத்தோட வீகோவோட போட்டி போட ஏலாது. அதையும் சொல்ல வேணும்.


இணுவில் தோட்டக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. கொக்குவில் அண்ணைக்கு விசேசமா.

நேற்றுக் காலமை திரும்பவும் போனனான். மச்சானும் ஸ்கானர் வைச்சிருக்கிற ஒரு பெடியனும் வந்தவை. ஓயில் விளக்கு உடன நூந்தது. மூடியைக் கழட்டிக் கையை வைச்சன், ஆவி வருது, ஆனால் தாளத்துக்கு அடிக்கேல்லை. மூடியில கரி கட்டி இல்லை, ஓயில் கறுப்புத்தான், தடிப்பில்லை. ஸ்கானரில ரெண்டாவது சிலிண்டர் 4.6, மற்ற மூண்டும் 2 க்குள்ள. எரர் ஒண்டும் இல்லை.

சசியில பின்பக்கம் சின்னச் சுத்தியலால தட்டிப் பார்த்தன். முன்னுக்கு "டிங்" எண்டது, பின்சில்லுக்கு மேல ஒரு இடத்தில "பொத்" எண்டது. வில்லுத்தகட்டில ஒரு தகடு கூடப் போட்டிருக்கு, பின்பக்கம் தூக்கலா நிக்குது. பிரேக் பிடிச்சால் முன்பக்கம் குத்துற மாதிரி இருந்தது. ரைமிங் பெல்ற் மாத்தினதோ எண்டு கேட்டன், "விளக்கு வரேல்லைத்தானே" எண்டார்.

சம்ப் கழட்டுறதுக்குச் சம்மதம், செலவு நாங்கள் போட்டால் சரியாம்.


கொக்குவில் பம்ப் றூம்:

நல்ல வேலை செய்திருக்கிறீர். சம்மதிச்சது நல்ல அறிகுறி. ஆள் எஞ்சினுக்குப் பயப்பிடேல்லை. அவருக்குப் பயம் சசியிலதான், அதுதான் பெயின்ற்.

அந்த "பொத்" எண்ட இடம்தான் உம்மட விலை. ஐஸ் உருகிற தண்ணி வெறும் தண்ணி இல்லை, மீன் உப்புத் தண்ணி. அது பெட்டியின்ர மூலைகளால ஒழுகி, பின்சில்லுக்கு மேல சசி வளையிற இடத்தில இறங்கித் தேங்கும். சசி உள்ளுக்க கோறையானது. உள்பக்கம் இருந்து தின்னும், வெளியில கடைசியாத்தான் தெரியும். அந்த இடத்தில பெயின்ற்றை ஒரு பழைய ஸ்குரூட்றைவரால சுரண்டிக் குத்திப் பாரும். மேல் தோல் மட்டும் உரிஞ்சு அடியில வெள்ளி இரும்பு வந்தால் தப்பியாச்சு. குத்தேக்க உள்ளுக்க போனால், அல்லது அதில தகடு ஒட்டி வெல்டிங் செய்து அதுக்கு மேல பெயின்ற் அடிச்சிருந்தால், வேண்டாம். நீர் ஏத்தப் போறது 50 கிலோ மூடை. ஒரு தொன்னுக்குக் கணக்குப் பண்ணின வாகனத்தில முப்பது மூடை அடுக்குவீர், எனக்குத் தெரியும், எல்லாரும் அடுக்கிறதுதான். கறள் பிடிச்ச சசி அந்தப் பாரத்தோட குழியில விழுந்தால் வில்லுத்தகடு கொழுவிற இடத்தில வெடிக்கும்.

இன்னொண்டு. ஹைலக்ஸுக்குச் சசி இலக்கம் அடிச்சிருக்கிறது முன் வலப்பக்கச் சில்லுக்குக் கிட்டச் சசியிலதான். புதுப் பெயின்ற் அதையும் மூடியிருக்கும். தின்னர் போட்டுத் துடைச்சு, சீஆர் (வாகனப் பதிவுப்) புத்தகத்தோட ஒவ்வொரு எழுத்தா ஒத்துப் பாரும். எஞ்சின் இலக்கமும் அப்பிடி. எஞ்சின் மாத்தியிருந்தால் புத்தகத்தில மாத்தின பதிவு இருக்க வேணும். சீஆரில லீசிங் கொம்பனி பேர் இன்னும் கிடக்குதோ, என்ஜிஓ வரியில்லாமல் கொண்டுவந்ததெண்டால் பிறகு வரி கட்டின கடுதாசி இருக்கோ, இப்ப விக்கிறவரின்ர பேரிலதான் புத்தகமோ, இதுகளையும் கேளும். மூண்டு நாலு கை மாறியும் பேர் மாத்தாமல் கையெழுத்து மட்டும் வைச்ச வெத்துப் படிவத்தில ஓடுற வாகனங்கள் எங்கட பக்கம் எக்கச்சக்கம்.

பிரேக் குத்துறதுக்குக் காரணம் அந்தக் கூடத் தகடு. உந்த வாகனத்துக்குப் பின் அக்சிலில இருந்து ஒரு கம்பி மேல போய் ஒரு வால்வில கொழுவியிருக்கும். பாரம் ஏறி பின்பக்கம் பதிஞ்சால் அந்த வால்வு பின்பிரேக்குக்குக் கூட அமுக்கம் விடும். வெறுமையாத் தூக்கி நிண்டால் குறைச்சு விடும். தகடு கூடப் போட்டால் பாரம் ஏத்தினாலும் பின்பக்கம் பதியாது. வால்வு வாகனம் வெறுமை எண்டு நினைச்சுப் பின்பிரேக்கை விடாது. எல்லாத்தையும் முன் பாட் தாங்கும். சிலர் கம்பியையே கழட்டி வயரால கட்டி விடுவினம், அது இன்னும் மோசம், மழைக்குப் பின்பக்கம் வழுக்கும். தகட்டைப் போட்டால் கம்பியின்ர நீளத்தையும் அதுக்கேத்த மாதிரிச் சரிப்படுத்த வேணும். பெரிய காசில்லை, ஆனால் ஆரும் செய்யிறேல்லை.

பெல்ற் விளக்கை நம்பாதையும். அதை மீற்றர் பொத்தானால அழிச்சுத் திருப்பி வைக்கலாம். விளக்கு வரேல்லை எண்டதுக்கு அர்த்தம் ஆரோ அழிச்சிருக்கலாம் எண்டதும்தான். பில் இல்லாட்டி மாத்தினதில்லை. அறுந்தால் வால்வு பிஸ்ரனில முட்டும், அதோட ஹெட் வேலை.

இப்ப உம்மட ஆறு இலட்சத்துக்கு வருவம். நான் சொல்லுறது இண்டைக்கு இஞ்ச நடக்கிற விலை, டொலர் அசைஞ்சால் இதுகும் அசையும். பெல்ற், ரென்சனர், வோட்டர் பம்ப், கூலியோட அறுபதாயிரம் பிடியும். ரெண்டாவது இன்ஜெக்ரர் ஒண்டைத் திருத்தி, நாலுக்கும் வாசரும் மேல சீலும் மாத்தக் கூலியோட ஒரு எண்பது. ஒண்டைக் கழட்டினால் நாலையும் கழட்டி வாசர் போடுறதுதான் என்ர வழக்கம், கூலி மிச்சம் பிடிக்கப் போய் மற்ற மூண்டையும் பழைய வாசரில விட மாட்டன். ஓயில், நாலு பில்ரர், கூலன்ற், கியர்பொக்ஸ் டிப்ரென்சல் ஓயில் எல்லாம் ஒரு எழுபது. முன்பிரேக் பாட், பின்பிரேக் ஷூ, வால்வுக் கம்பி ஒரு நாப்பது. இவ்வளவும் எடுத்த கையோட செய்ய வேண்டியது, ரெண்டரை இலட்சம். ரயர் எப்பிடியெண்டு நீர் எழுதேல்லை. நாலும் போடுறதெண்டால் அதுக்கு மேல ரெண்டு இலட்சத்துக்குக் கிட்ட. கிளச் வழுக்குதோ எண்டு மூண்டாம் கியரில ஏத்தத்தில அமத்திப் பாரும், பிளேற்றும் பிரஷர் பிளேற்றும் ஒரு இலட்சம் கேக்கும். ரேர்போவில கை வைக்காதையும், விசில் அடிக்காமல் புகையாமல் இருந்தால் அது தன்ர பாட்டில ஓடும்.

எஞ்சின் போனால் கதை வேற. ஓவரோல் எண்டால் எட்டு இலட்சத்துக்குக் குறையாது. பஞ்சிகாவத்தையில பழைய எஞ்சின் எடுத்துப் போடலாம், விலை அதுகும் அதே அளவுதான், அதுக்குள்ள வலை எப்பிடிக் கிடக்குது எண்டு ஆருக்கும் தெரியாது. அதுக்காகத்தான் சம்ப், சம்ப் எண்டு கத்துறன்.

விலை: சசி தப்பினால் 82 க்கு மேல ஏறாதையும். பெல்ற், இன்ஜெக்ரர், பிரேக் மூண்டையும் பேரைச் சொல்லிச் சொல்லிக் குறையும். சும்மா "குறையுங்கோ அண்ணை" எண்டு நிண்டால் ஐம்பதாயிரம்தான் குறைப்பினம்.

எல் 200 காரர் சொன்னது எல்லாம் சரி. ஊருக்குள்ள ஓட, கையால திருத்த, அது போதும். தம்புள்ளைக்குக் கிழமை கிழமை பாரத்தோட போக நான் வீகோதான் சொல்லுவன், சசி நல்லா இருந்தால். சசி கூடாதெண்டால் ரெண்டும் வேண்டாம், பழைய ஹைலக்ஸ், கைப்பம்போட 5எல் எஞ்சின் வந்தது, அதில ஒண்டு தேடும். இழுவை குறைவு, ஆனால் அதுக்கு வருத்தம் வராது.


இணுவில் தோட்டக்காரன்:

அண்ணை, செவ்வாய்க்கிழமை வாகனத்தை உங்களிட்டக் கொண்டுவாறம் எண்டு ஆளிட்டச் சொல்லியாச்சு. சசியைச் சுரண்டுறதுக்கும் ஒருமாதிரித் தலையாட்டினார், முகம்தான் கறுத்துப் போச்சு. ரயர் முன்னுக்கு நல்லம், பின்னுக்கு ரெண்டும் மாத்தத்தான் வேணும். நாங்கள் என்ன சாமான் வாங்கிக்கொண்டு வரோணும்?


கொக்குவில் பம்ப் றூம்:

ஓயில் ஏழு லீற்றர், ஓயில் பில்ரர் ஒண்டு, சம்புக்குப் பூசுற சிலிக்கன் ஒரு ரியூப். வடிச்ச ஓயிலைத் திருப்பி ஊத்த விடமாட்டன், ஆனபடியால் ஓயிலை மறக்காதையும். வாசர் இப்ப வாங்க வேண்டாம், வாகனம் உம்மட கையில வந்தாப் பிறகு பார்ப்பம்.

வடமராட்சியில இருந்து ஓட்டிக்கொண்டு வந்தால் சூடாத்தான் வரும், அதால திங்கள் பின்னேரமே கொண்டுவந்து விடச் சொல்லும். இரவு ஆறட்டும். செவ்வாய் காலமை நீங்கள் வந்தாப் பிறகுதான் திறப்பைப் போடுவன். சீஆர் புத்தகமும் கொண்டுவரச் சொல்லும், கொப்பி இல்லை, புத்தகம்.